பன்னிரண்டு அங்குலம்

"பொம்பளைக்குச் சின்னதே போதும்" என்றான்
திருவாரூர்க் கடைக்காரன்.
அதற்காகவே பெரியதை வாங்கினேன்.
இருபத்திரண்டு அங்குலப் பட்டை, ஏழரைக் கிலோ,
கயிற்றை இழுத்தால்
சேற்றில் இருந்து எருமை எழுந்திருக்கும் சத்தம்.
காதில் கிடந்ததைக் கழற்றிச்
சொசைட்டியில் வைத்த பணம்.

புயல் அடித்த வருடம் அது.
தென்னைகள் எல்லாம் ஒரே திசையில்
தலை வைத்துப் படுத்திருந்தன.
நாற்பத்தொரு நாள் அறுத்தேன்
முள்ளியாற்றின் இரண்டு கரையிலும்.
பொய் சொல்லக் கூடாது,
அந்த நாற்பத்தொரு நாளும்
பெரியது பெரியதாகவே நடந்துகொண்டது.
கம்மல் காதுக்குத் திரும்பி வந்தது.

பிறகு மரங்கள் விழுவதை நிறுத்திக்கொண்டன.
ஆட்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.
"தைலம்மக்கா, முருங்கை ஓட்டு மேல சாயுது."
"கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு வண்டி வெறகு,
அடுப்பு அளவுக்குப் போட்டுக் குடுங்க."
மதகில் சிக்கிய ஒதியங்கட்டை,
கரண்டுக் கம்பியைத் தொடப் பார்க்கும் வாதநாராயணன்.
எதுவும் ஏழரைக் கிலோ கேட்கவில்லை.
ஆனாலும் தூக்கிக்கொண்டு போனேன்,
போகிற இடமெல்லாம் அந்தக் கடைக்காரன்
நின்று பார்ப்பது போல.

வலது தோள்பட்டை முணுமுணுத்தது. காதில் வாங்கவில்லை.
உத்திராபதியின் பசுதான் வாங்க வைத்தது.

ஐப்பசி, ராத்திரி, அடைமழை.
பூவரசு முறிந்து கொட்டகையோடு இறங்கி
தொட்டிக்கும் பசுவின் கொம்புக்கும் நடுவே
தொடைக் கனத்தில் ஒரு கிளை.
பெரியதை உள்ளே நுழைக்க இடமில்லை.
நுழைத்தாலும்
கிளை முடிகிற இடத்தில் கழுத்து ஆரம்பிக்கிறது.
உத்திராபதி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
"ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்கிறான்,
பசுவிடம்தான், என் முகத்தைப் பார்க்காமல்.
கடைசியில் கைரம்பம். முக்கால் மணி நேரம்.
விடுபட்ட தலையால் முதல் வேலையாக
அது என்னை முட்டியது.
நியாயம்தான்.

மறுவாரம் அதே கடை.
"சின்னது குடு" என்றேன்.
அவன் பல்லைக் காட்டுவதற்குள்,
"நீ சொன்ன காரணம் இல்ல. மாட்டைக் கேளு."

பன்னிரண்டு அங்குலம். நாலு கிலோ சொச்சம்.
எக்ஸெல் வண்டியில் கால் வைக்கிற இடத்தில்
தூக்குவாளியோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு இழுப்பில் எழும், மழை நாளில் இரண்டு.
அதற்கு மீறிய புளியங்கட்டையையும் அறுத்திருக்கிறேன்:
இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி,
நடுவில் வெற்றிலை போடும் நேரம்.
குழம்பு கொதிப்பதற்குள்
அத்தனை பல்லையும் அரத்தால் தீட்டிவிடுவேன்.
குனிந்து விறகு போடும்போது
முழங்காலுக்குப் பக்கத்தில் அது
என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும்.
பெரியதிடம் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது,
எங்களில் யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று.

இந்த ஆயுத பூஜைக்குப்
பெரியதைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.
பட்டையில் சந்தனம், குங்குமம், மூன்று பொட்டு.
பொரிகடலைத் தட்டுக்கு முன்னால்
பெண் பார்க்க வந்த பெரியப்பா போல
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
பக்கத்தில் சின்னதுக்கு ஒரு பலகை.
சாம்பிராணி போடுகிற நேரம் பார்த்து
பால்வண்டி போகிற ரோட்டில் கருவை சாய்ந்துவிட்டது.
"இன்னிக்கு ஆயுதம் எடுக்கக் கூடாதே" என்றது
எதிர்வீடு.
பால் பொங்குமா அதுவரை, திரியும்.

திரும்பி வந்தபோது சூடம் அணைந்திருந்தது.
மரத்தூளும் ஆயிலும் அப்பிய உடம்பில்
பொட்டு நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது.
துடைத்துவிட்டு வைக்கலாம் என்று
துணி தேடினேன்.
அதற்குள் போன்.